வீடு கம்பெனிக்கு... மரம் நமக்கு! நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு போன்சாய் ஆரம்பம்

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில், பலாப்பழக் குவியல்களையும் முந்திரித் தோப்புகளையும் தாண்டினால் நெய்வேலி ஆர்ச் கேட் வரும். அந்த வளைவுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே வெயிலின் முகம் மாறிவிடும். அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், எண் போட்ட வட்டங்கள், வரிசையாகக் குவார்ட்டர்ஸ் வீடுகள். முதல்முறை வருபவர்கள், 'நிலக்கரி ஊர்னு சொன்னாங்க, கரியையே காணோமே!' என்பார்கள். கரி எல்லாம் சுரங்கத்தில் இருக்கிறது. ஊருக்குள் இருப்பது நிழல்தான்.

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தோட்ட இடம் இருந்தால் போதும், நெய்வேலிக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். மா, பலா, தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, வாசலில் ஒரு நந்தியாவட்டை. மூத்த பிள்ளை பிறந்த வருஷம் நட்ட மாமரம், அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது கூரையைத் தாண்டி நிற்கும்.

ஆனால், ஒரு விஷயம் இருக்கிறது. அந்த வீடு அவர்களுடையது இல்லை. வேலையில் இருக்கும்வரைதான் குவார்ட்டர்ஸ். ஓய்வுபெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜ், பீரோ, கட்டில், மிக்ஸி, சாமி படங்கள் எல்லாம் லாரியில் ஏறிவிடும். மாமரம் ஏறாது. முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றிய மரத்தின் காயை அடுத்த வருஷம் வேறொரு குடும்பம் ஊறுகாய் போடும். இந்த ஊரில் ரிட்டயர்மென்ட் விருந்து முடிந்த பிறகு பலருக்கும் மனதில் உறுத்துகிற விஷயம் இது.

லாரியில் ஏறுகிற மரம் ஒன்று உண்டு. அதன் பெயர்தான் போன்சாய்.

இடம் மாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல

நெய்வேலியின் கதையே மரத்தில் தொடங்கும் கதைதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இருந்த காடு மண்ணுக்குள் புதைந்து, அழுந்தி, பாதி கரியாகிக் கிடந்தது. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. 2016-ல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறினாலும், ஊர்க்காரர்களுக்கு இன்றும் அது 'கம்பெனி'தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சுரங்கம் விரிய விரிய, சுற்றியிருந்த கிராமங்கள் இடம் மாறின. வீட்டையும் வயலையும் கொடுத்துவிட்டு மாற்றுக் குடியிருப்புக்குப் போனவர்களிடம் பேசினால், இழப்பீட்டுத் தொகைக்கு முன்பாக அவர்கள் சொல்வது விட்டுவந்த பலா மரத்தையும் முந்திரித் தோப்பையும் பற்றித்தான் இருக்கும். நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல்கூடப் போராட்டம் நடந்தது. அவர்கள் இழந்ததோடு குவார்ட்டர்ஸ் மாமரத்தை ஒப்பிட முடியாது. ஒருவர் வாழ்வாதாரத்தை விட்டுப் போனார். மற்றவர் மாதச் சம்பளம் வாங்கி, ஓய்வுபெற்றுப் போகிறார். ஆனாலும், வளர்த்த மரத்தைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரிந்த வலி.

ஜப்பானில் ஓர் ஊர் இருக்கிறது. 1923-ல் டோக்கியோவை அழித்த கான்டோ பூகம்பத்துக்குப் பிறகு, நகரத்தில் இருந்த போன்சாய் வளர்ப்பாளர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடி, தங்கள் மரங்களோடு வடக்கே ஓமியா என்ற இடத்துக்குப் போனார்கள். 1925-ல் அங்கே ஒரு கிராமமே உருவானது. அங்கே குடியேற நாலு விதிகள் வைத்தார்கள். பத்து போன்சாயாவது வீட்டில் இருக்க வேண்டும், யார் வந்தாலும் பார்க்கக் கதவு திறந்திருக்க வேண்டும், மாடி கட்டக்கூடாது, மதில் சுவருக்குப் பதில் உயிர்வேலிதான் வைக்க வேண்டும். ஓமியா போன்சாய் கிராமம் இன்றும் இருக்கிறது. 2010-ல் அங்கே போன்சாய்க்காகவே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். ஊர் இடிந்தபோது வீட்டைத் தூக்கிப் போக முடியாதவர்கள் மரத்தைத் தூக்கிப் போயிருக்கிறார்கள்!

சன்ஷேடில் முளைத்த அரசு

'போன்சாய்' என்றதும் கண்ணாடி ஷோரூமில் ஆயிரக்கணக்கில் விலை போட்ட மரம் ஞாபகத்துக்கு வருகிறதா? அதை மறந்துவிடுங்கள். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்றுதான் பொருள். அதற்கும் முன்பே சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இந்தக் கலை இருக்கிறது. அதற்கென்று தனி விதையோ, குட்டை ரகமோ கிடையாது. சாதாரண ஆல், அரசு, புளிதான். தட்டிலிருந்து எடுத்துத் தரையில் நட்டால், மறுபடி பெரிய மரமாகத்தான் வளரும்.

நெய்வேலியில் முதல் கன்றுக்குக் காசே வேண்டாம். பழைய குவார்ட்டர்ஸின் சன்ஷேடைப் பாருங்கள், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் ஓரத்தைப் பாருங்கள். காக்காவும் மைனாவும் போட்ட எச்சத்தில் ஆலும் அரசும் முளைத்து நிற்கும். சுவரைப் பிளந்துவிடும் என்று எப்படியும் வெட்டி எறியப்போகிற கன்று அது. சிமென்ட் விரிசலில், பிடி மண்கூட இல்லாமல், மூன்று நாலு வருஷம் வெயிலைக் குடித்து நின்றிருக்கும். பாதி போன்சாய் வேலையை அதுவே முடித்துவிட்டது! மழைக்காலத்தில், சுவர் ஊறியிருக்கும்போது எடுத்தால் வேர் அறாமல் வரும். மாடியில் நின்று கைக்கு எட்டுவதை மட்டும் எடுங்கள். ஒரு கன்றுக்காக சன்ஷேடில் இறங்கிக் காலை ஒடித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆலும் அரசும் பார்க்க கம்பீரம். ஆனால், இலை பெரிது. சின்னத் தட்டில் வைத்தால், குழந்தைக்கு அப்பா சட்டை போட்ட மாதிரி இருக்கும். கொஞ்சம் பெரிய தொட்டியில், இரண்டடி உயரத்துக்கு விட்டால்தான் பொருந்தும். முதல் மரமாக இச்சி இன்னும் எளிது. இலை சின்னது, கிளை வெட்ட வெட்டக் கிளைக்கும், தப்பு செய்தாலும் மன்னித்துவிடும். நர்சரியில் 'பைகஸ்' என்று கேட்டாலே கொடுப்பார்கள்.

புளி இன்னொரு நல்ல தேர்வு. கூட்டிலை சின்னச் சின்னதாக இருப்பதால், ஓரடி உயரத்திலேயே நூறு வயதுக் கிழமரத்தின் தோற்றம் வந்துவிடும். விதையிலிருந்தே தொடங்கலாம், குழம்புக்குக் கரைக்கும் புளியில் ஒளிந்திருக்கும் கொட்டையே போதும். என்ன, அடிமரம் பருக்கப் பல வருஷம் பிடிக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு காகிதப்பூ இருக்கிறது. வேலியோரத்தில் கை கனத்துக்குப் பருத்த பழைய காகிதப்பூவை யாராவது தோண்டி எறிகிறார்களா? அதை வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த அடிமரம் முதல் நாளே கிடைத்துவிடும். வருடா வருடம் பூவும் பூக்கும். தண்ணீர் ஊற்ற மறப்பவர்கள் ஜேட் செடியில் தொடங்கலாம். அதன் இலையே தண்ணீர்த் தொட்டி. அதிகம் ஊற்றினால்தான் சாகும்.

வேண்டாதது என்ன? படங்களில் பார்க்கிற ஜூனிப்பர், பைன். குளிர் ஊர் மரங்களுக்கு நம் கத்திரி வெயில் ஒத்துக்கொள்ளாது. பண்ருட்டிப் பக்கம் இருந்துகொண்டு பலாவில் போன்சாய் செய்ய ஆசை வருவது இயற்கை. ஆனால், பலா இலையும் அடங்காது, பலாப்பழம் அடங்கவே அடங்காது. போன்சாயில் இலையைச் சின்னதாக்கலாம். பழத்தைச் சின்னதாக்க முடியாது.

நர்சரியில் 'ரெடிமேட் போன்சாய்' வாங்கும்போதும் கவனம். நேற்று நட்ட ஒட்டுக் கன்றைத் தட்டில் சொருகி, மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி விற்பதும் நடக்கிறது. அடிமரத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால், வாங்காதீர்கள்.

தட்டில் வைக்கும் அவசரம்

கன்று கிடைத்ததும் அழகான தட்டில் வைத்து, படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஆரம்பக்காரர்களின் பெரிய தவறு இதுதான். சின்னத் தட்டுக்குள் போன நாளிலிருந்து மரம் பருப்பது நின்றுபோன மாதிரிதான். விரல் தடிமனில் உள்ளே போனது, பத்து வருஷம் கழித்தும் கொஞ்சம் தடித்த விரலாகத்தான் இருக்கும்.

முதலில் அடிமரம் பருக்கட்டும். அதற்கு வேர் ஓட இடம் வேண்டும். இங்கேதான் குவார்ட்டர்ஸ் தோட்டம் கைகொடுக்கிறது. ஓய்வுக்கு ஐந்து வருஷம் இருக்கும்போது ஆரம்பிப்பது சரியான கணக்கு. தோட்டத்தில் ஒரு தரை ஓட்டைப் புதைத்து, அதன் மேல் கன்றை வைத்து மண் போடுங்கள். ஆணிவேர் கீழே போக முடியாமல், வேர்கள் ஓட்டின் மேல் சுற்றிலும் விரியும். பிற்பாடு தட்டில் அடங்க அந்தத் தட்டை வேர் உதவும். இரண்டு மூன்று வருஷம் தரையில் வளரவிட்டு, நடுநடுவே தலையை வெட்டிவிட்டால், அடிமரம் மணிக்கட்டு கனத்துக்கு வரும். பிறகு பெயர்த்தெடுத்துத் தொட்டிக்கு மாற்றலாம். பெயர்க்க மறந்துவிட்டால்? அது கம்பெனி மரமாகிவிடும், அவ்வளவுதான்.

மண் விஷயத்தில் நம்மூர்ப் பழக்கம் கொஞ்சம் இடிக்கும். செடி என்றாலே செம்மண்ணும் எருவும் நெருக்கி அடைப்பதுதான் நமக்குத் தெரியும். இரண்டு அங்குல ஆழத் தட்டில் அப்படி அடைத்தால், மழைக்குச் சேறு, வெயிலுக்குச் செங்கல்! வேர் மூச்சு விட வேண்டும். சுட்ட செங்கலை பட்டாணி அளவுக்கு உடைத்து, சலித்து, தூளைத் தள்ளிவிட்டு இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிய குறுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. நெய்வேலியில் சாம்பல் செங்கல் எளிதாகக் கிடைக்கிறதே என்று அதை உடைத்துப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்போ சிமென்டோ கலந்திருக்கும்; மண்ணின் குணத்தை மாற்றிவிடும்.

தட்டுக்கு அலைய வேண்டாம். பக்கத்து ஊரான விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. பொம்மையும் மின்சாரப் பீங்கான் சாமானும் செய்கிற ஊரில், அடியில் இரண்டு ஓட்டை வைத்த ஒரு தட்டைச் சொல்லிச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஓட்டை கட்டாயம். ஓட்டையில்லாத அழகுத் தட்டு, மரத்துக்குக் குளம்தான்!

விருத்தாசலம் வரை போனால் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் வன்னி மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். கோயில் கட்டிய வேலையாட்களுக்கு முனிவர் கூலியாகக் கொடுத்த வன்னி இலைகள், அவரவர் உழைப்புக்கேற்ப பொன்னாக மாறின என்று தல புராணம் சொல்லும். இந்தப் பயணத்தில் பக்தியோடு பாடமும் இருக்கிறது. வயதான மரத்தின் அடி எப்படி அகன்று மண்ணைப் பிடித்திருக்கிறது, கீழ்க்கிளை எவ்வளவு தடிப்பு, மேலே போகப் போக எப்படி மெலிகிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது... இதையெல்லாம் பார்த்து மனதில் வைத்துக்கொண்டால், கையில் கத்தரி எடுக்கும்போது தெளிவு வரும். பண்ருட்டிச் சாலையில் அகலப்படுத்தலுக்குத் தப்பி நிற்கிற பழைய புளியமரம் ஏதாவது கண்ணில் பட்டாலும், வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு நிமிஷம் பாருங்கள்.

இன்னும் ஆசை இருந்தால், மைசூரு அவதூத தத்த பீடத்தில் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டம் இருக்கிறது. இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட போன்சாய்களை ஒரே இடத்தில் வைத்து, 2016-ல் கின்னஸ் சாதனை படைத்தார்கள். நம் நாட்டு மரங்கள் தட்டில் எப்படி நிற்கும் என்று பார்க்க நல்ல இடம்.

'பாவம் இல்லையா?'

வாசலில் போன்சாய் வைத்தால், வருகிற மாமியோ சித்தப்பாவோ இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது, "வீட்ல இத வெச்சா வளர்ச்சி நின்னுடும்பாங்களே?" வாஸ்து பேச்சு. இதற்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் யாரும் இல்லை. தட்டைப் பின்பக்கமோ மாடியிலோ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. உண்மையில், வெயில் அங்கேதான் நன்றாகவும் கிடைக்கும்.

இரண்டாவது கேள்வியை அப்படித் தள்ள முடியாது. "மரத்தைக் கட்டி, வெட்டி, குட்டையாக்குறது பாவம் இல்லையா?" பயிர் வாடுவதைப் பார்த்தே மனம் தாங்காதவர் என்று போற்றப்படும் வள்ளலார், 1872-ல் சத்திய ஞான சபையை நிறுவிய வடலூர் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்து மனிதர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நேர்மையான பதில் இதுதான்: பட்டினி போட்டு யாரும் போன்சாய் வளர்ப்பதில்லை. பட்டினி போட்டால் மரம் செத்துவிடும். மல்லிகையைக் கவாத்து செய்வது போலத்தான் இதுவும். நுனித் தளிரைக் கிள்ளினால், மேல்நோக்கிப் போன வளர்ச்சி பக்கக் கிளைகளுக்குத் திரும்புகிறது. ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தட்டிலிருந்து எடுத்து, சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புது மண் போடுகிறார்கள். புது வேர் விடுகிறது, மரம் இளமையாகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், மனிதரைவிட அதிக வருஷம் வாழும். ஹிரோஷிமாவில் யமாகி என்பவரின் குடும்பம் வைத்திருந்த ஒரு வெள்ளைப் பைன் போன்சாய், 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும் தப்பியது. 1976-ல் அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். குண்டைத் தாண்டி வந்த மரம் என்பதே, 2001-ல் பேரன்கள் போய்ச் சொன்ன பிறகுதான் அங்கே தெரிந்தது. 1625-லிருந்து தட்டில் வளர்கிற அந்த மரம் இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது.

அதே சமயம், கேள்வி கேட்பவர் பக்கமும் நியாயம் உண்டு. கம்பி கட்டிவிட்டு மறந்துபோவது நிஜமான கொடுமைதான். கிளையை வளைக்க அலுமினியக் கம்பியைச் சுற்றுவார்கள். நம்மூர்ச் சூட்டில் இச்சி, ஆல் எல்லாம் வேகமாகப் பருக்கும். ஒன்றிரண்டு மாதத்திலேயே கம்பி பட்டைக்குள் புதையத் தொடங்கும். வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். இறுகினால், கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். பிரித்துச் சுற்றினால் கிளை ஒடியும். இவ்வளவு கவனிக்க நேரம் இல்லாதவர்கள் கம்பியே கட்ட வேண்டாம். வெட்டி வெட்டியே உருவம் கொண்டுவரலாம். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஷிப்டும் தண்ணீரும்

போன்சாய் சாவதற்கு நம் ஊரில் முதல் காரணம் பூச்சியோ நோயோ இல்லை, ஒரு நாள் தண்ணீர் மறந்ததுதான். ஆழமில்லாத தட்டு, மே மாத வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும். கத்திரியில் காலை, மாலை இரண்டு வேளை ஊற்ற வேண்டும். வீட்டில் ஒருவர் காலை ஷிப்ட், மறுவாரம் நைட் ஷிப்ட் என்று போய்வரும்போது, 'நீ ஊத்தியிருப்பேன்னு நெனச்சேன்' என்கிற வசனம்தான் பல மரங்களைக் கொன்றிருக்கும். யார் ஊற்றுவது என்று ஒருவர் பெயரில் முடிவு செய்துவிடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காலைத் தண்ணீரைக் கொடுத்தால், நிச்சயம் நடக்கும். கேள்வியும் நிறைய வரும்.

மேல் மண் லேசாகக் காயும்போது, அடி ஓட்டையில் தண்ணீர் வெளியே வரும் வரை ஊற்றுங்கள். ஊர் காற்றில் வருகிற தூசி இலையில் படியும். ஊற்றும்போதே இலைகளையும் கழுவிவிடுங்கள். ஊருக்குப் போகிறீர்களா? தட்டோடு நிழலில் இறக்கி, ஈரச் சாக்கால் மண்ணை மூடிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். டி.வி. ஸ்டாண்டு மேல் மட்டும் வைக்காதீர்கள். விருந்தாளி வரும்போது ஒரு நாள் உள்ளே வைக்கலாம், மறுநாள் வெளியே போய்விட வேண்டும். அது மரம், ஷோகேஸ் பொம்மை இல்லை.

உரத்துக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நன்றாகத் தண்ணீர் கலந்து, மாதம் இரண்டு முறை ஊற்றினால் போதும். நாற்றம் வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உரக்கடையில் விற்கும் ஹியூமிக் அமிலத்தையும் கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். அதைப் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் எடுக்கிறார்கள். நெய்வேலியிலேயே இதற்கான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மண்ணுக்குள் கரியான பழைய காடு, தட்டில் நிற்கும் புளியங்கன்றுக்கு உரமாகிறது! மாவுப்பூச்சி வந்தால், வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

மழைக்காலம் வேறு கதை. 2011 டிசம்பர் 30 காலை, 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அன்றைய தேதியை வைத்தே, 'தானேக்கு முன்னாடி, தானேக்குப் பின்னாடி' என்று மரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பெரிய மரத்துக்கு நம்மால் எதுவும் செய்ய முடியாது. தட்டில் இருப்பதை மாடியிலிருந்து இறக்கி, சுவர் ஓரம் தரையில் வைத்துவிடலாம். முன்கூட்டியே தட்டின் ஓட்டை வழியாகக் கம்பி விட்டு, மரத்தின் வேரைத் தட்டோடு கட்டியிருந்தால், காற்றில் மரம் பிடுங்கிக்கொண்டு விழாது. தொடர் மழையில் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் சின்னக் கல் வைத்துச் சாய்த்துவிடுங்கள், தண்ணீர் தங்காது.

எத்தனை மரம் போதும்?

ஓமியாக்காரர்கள் பத்து என்றார்கள். அவர்களுக்கு அதுதான் தொழில். வீட்டில் தொடங்குபவர்களுக்கு மூன்று போதும்: சன்ஷேடில் பிடுங்கிய ஓர் அரசு அல்லது ஆல், நர்சரியில் வாங்கிய ஓர் இச்சி, விதை போட்ட ஒரு புளி. ஒன்று செத்தாலும் இரண்டு இருக்கும், மனம் விட்டுப்போகாது. முதல் வருஷத்திலேயே இருபது வாங்கி, இரண்டாம் வருஷம் காலித் தட்டை மொட்டைமாடியில் அடுக்குவது இந்தப் பொழுதுபோக்கில் வழக்கமாக நடக்கிற விஷயம். கருவியும் அப்படித்தான். ஜப்பான் கத்தரி செட்டெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூர்மையான ஒரு கவாத்துக் கத்தரி, பழைய முள்கரண்டி (வேரைச் சிக்கெடுக்க), கொஞ்சம் கொசுவலைத் துண்டு (தட்டின் ஓட்டையை மூட), ஒரு சுருள் அலுமினியக் கம்பி. இவ்வளவுதான் முதலீடு.

வேர் வெட்டித் தட்டு மாற்றும் வேலையைக் கத்திரி முடிந்த பிறகு, ஜூன் கடைசி அல்லது ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பிப்ரவரியில் முடித்துவிடுங்கள். மே மாதமும் அடைமழை நவம்பரும் வேண்டவே வேண்டாம். மாற்றிய பிறகு இரண்டு வாரம் நிழல். வீட்டைக் காலி செய்யப் போகிற வருஷத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். வேர் வெட்டிய கையோடு ஊர் மாற்றமும் சேர்ந்தால், மரம் தாங்காது.

லாரி வரும் நாள்

கடைசியில் அந்த நாள் வரும். சிலர் பக்கத்திலேயே வடலூர், கடலூர் என்று வீடு கட்டிக்கொண்டு போவார்கள். பலர் சென்னைக்கு, பிள்ளைகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போவார்கள். சுமார் இருநூறு கிலோமீட்டர். போன்சாய்களை லாரியின் பின்னால் பீரோவோடு ஏற்றாதீர்கள். முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் ஊற்றி, காலையில் வடியவிட்டு, மண்ணின் மேல் ஈரத் துணி சுற்றி, அட்டைப்பெட்டியில் அசையாமல் செருகி, காரில் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு போகிற பாட்டிகளும் உண்டு; அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

தோட்டத்து மாமரம் அங்கேயே நிற்கும். அடுத்து வருகிறவரிடம், எந்த மாதம் காய்க்கும், எந்தக் கிளையில் எறும்புக்கூடு இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

புது வீட்டு பால்கனியில் வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று முதல் வாரம் பாருங்கள். குறைந்தது நாலைந்து மணி நேரம் வெயில் விழும் மூலைதான் மரத்துக்கு. வந்த பத்து நாளில் இச்சியும் ஆலும் இலையைக் கொட்டும். மஞ்சளாகி, ஒவ்வொன்றாக, சில சமயம் மொட்டையாகவே! பயந்துபோய்த் தண்ணீரை அதிகமாக்கிவிடுவார்கள்; அதுதான் ஆபத்து. இலை இல்லாத மரத்துக்குத் தண்ணீரும் குறைவாகத்தான் தேவை. சந்தேகமாக இருந்தால், சின்னக் கிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிகிறதா? உயிரோடுதான் இருக்கிறது. பேசாமல் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கிளை நுனியில், வெற்றிலைக் காம்பு கனத்தில், இளஞ்சிவப்பாக ஒரு துளிர் எட்டிப்பார்க்கும்.